கணுக்கால் பிசகியவருக்குக் கலர் டேப்: வாங்கலாமா, வேண்டாமா?

மாரத்தானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கால் பிசகிவிட்டால், வடசென்னையில் ராயபுரத்தில் கேட்டாலும் திருவொற்றியூரில் கேட்டாலும் ஓடுகிறவர்கள் சொல்லும் முதல் யோசனை, "கலர் டேப் ஒட்டுங்க, சரியாயிடும்." 5 செ.மீ. அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள கினீசியாலஜி டேப்பைத்தான் சொல்கிறார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம் மருந்துக் கடை, சர்ஜிகல் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். கணுக்கால் சுளுக்குக்கு இதற்கு 5-க்கு 2 மதிப்பெண்தான் தரலாம். பக்கத்திலேயே இருக்கும் வெள்ளை ஜிங்க் ஆக்சைடு டேப்புக்கு 4.

இந்தக் கலர் டேப் 1970-களில் ஜப்பானின் கென்சோ காசே உருவாக்கியது. பருத்தித் துணியின் பின்புறம் அலை அலையாக அக்ரிலிக் பசை, அவ்வளவுதான். மருந்து எதுவும் கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்களின் தோளிலும் முட்டியிலும் தெரிந்த பிறகு உலகமெங்கும் பரவியது. ஒப்பீட்டுக்காகப் பெயருக்குச் சும்மா ஒட்டிய டேப்போடு வைத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரணமும் எளிது. சுளுக்கில் அடிபடுவது கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார். பாதம் மறுபடி உள்பக்கமாக மடங்காமல் பிடித்து நிறுத்த வேண்டும். இழுத்தால் நீளும் துணி அதை எப்படிப் பிடிக்கும்? எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னரை எலாஸ்டிக் நாடாவால் கட்டுகிற கதைதான். தோலில் ஏதோ ஒட்டியிருக்கும் உணர்வு காலைக் கவனமாக வைக்கச் சொல்லும். அதற்குத்தான் அந்த 2.

எந்த டேப் வாங்குவதற்கு முன்னாலும் எலும்பைப் பாருங்கள். அடிபட்ட உடனேயும் பிறகும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பில் கீழ்க்கடைசி 6 செ.மீ.க்குள்ளோ நுனியிலோ விரலால் அழுத்தினால் வலி, பாதத்தின் வெளி ஓரம் நடுவில் புடைத்திருக்கும் எலும்பில் வலி, உள்பக்க வளைவுக்கு மேலே உள்ள எலும்பில் வலி. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்காமல் ஓடக் கூடாது, சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் இழுத்துவிடவும் கூடாது.

எலும்பில் சிக்கல் இல்லையென்றால் முதல் இரண்டு நாள் கிரேப் பேண்டேஜ். 10 செ.மீ. அகலம் போதும். விரல்களின் அடியில் ஆரம்பித்து மேலே போகப் போக இறுக்கத்தைக் குறைத்துச் சுற்றுங்கள். கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அவிழ்த்துக் கட்டுங்கள். ஐஸ் வலிக்கு மட்டும், துணி சுற்றி ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு நொறுக்கு ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் உப்புக் கலந்த ஐஸைக் காலில் வைக்காதீர்கள். உப்பு சேர்ந்தால் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்து தோலைப் பொசுக்கிவிடும்.

கலர் டேப்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒட்டும் முறை. ஒரு கணுக்காலுக்கு 35 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு, ஆக ஓர் உருளையில் ஏழு தடவை. மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலைதான் சாக்ஸில் மாட்டி முதலில் உரியும். பாதத்தை 90 டிகிரியில் நிமிர்த்தி வையுங்கள். முதல் துண்டை உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் மேலே ஏற்றுங்கள். அடியிலிருந்து வெளிப்பக்கம் ஏறும் பகுதியில் மட்டும் பாதி அளவு இழுவை. இரண்டு முனையிலும் 5 செ.மீ.க்கு இழுக்கவே கூடாது. முனையை இழுத்து ஒட்டுவதால்தான் அந்த இடத்தில் தோல் சிவந்து கொப்புளம் வருகிறது, "டேப் அலர்ஜி" என்று பலர் சொல்வது இதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது துண்டு உள்பாதத்தில் தொடங்கி, குதிகால் அடியாக வந்து, வெளிக் கணுக்காலைத் தழுவி முன்பக்கம் முடியட்டும். ஒட்டியதும் உள்ளங்கையால் அரை நிமிடம் தேயுங்கள். பசை சூட்டில்தான் பிடிக்கும்.

வடசென்னையில் இந்த டேப்பின் முதல் எதிரி வேர்வை, இரண்டாவது தேங்காய் எண்ணெய். எண்ணெயோ வலி தைலமோ தடவிய தோலில் இது நிற்காது. தைலத்தின் மேல் மூடி ஒட்டினால் எரிச்சலும் கூடும். சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, முடி அடர்ந்திருந்தால் முந்தின நாளே ட்ரிம் செய்து, ஓட்டத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் ஒட்டுங்கள். கடல் காற்றில் மின்விசிறியைப் போட்டாலும் கால் ஈரம் காயாது, துணியால் ஒற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

வெள்ளை டேப் நீளாது, அதனால் பாதம் மடங்குவதைத் தடுக்கும். 38 மி.மீ. அகல உருளை, அடியில் மெல்லிய ஃபோம் சுற்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு வளையம், பிறகு உள்ளிருந்து வெளியே குதிகாலைத் தாங்கி மூன்று பட்டை, கடைசியில் குதிகாலைக் குறுக்காகச் சுற்றி அசையாமல் பிடிக்கும் 'குதிகால் பூட்டு'. வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறவர்களிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிக் காட்டுவார்கள். குறைகளும் உண்டு. ஓடத் தொடங்கிய அரை மணிக்குள் இறுக்கம் தளரும், தனியாகச் சுற்றிக்கொள்வது கஷ்டம், ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் 42.195 கிலோமீட்டரில் அது கொப்புளமாகிவிடும். இந்தக் கடைசிக் காரணத்தால், முழு மாரத்தானுக்கு லேஸ் கட்டும் கணுக்கால் பிரேஸ் (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உறை) இன்னும் நல்லது. ஆனால் ஷூவுக்குள் இடம் இருக்கிறதா என்று ஷூவைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும் போட்டி நாளுக்கு முன் 5 கிலோமீட்டராவது அதோடு ஓடுங்கள். சரிந்த சாலை ஓரத்தில் வேண்டாம், பிசகிய காலுக்கு அது எதிரி. டேப் இல்லாமல் அந்தக் காலில் 30 விநாடி நிற்க வேண்டும், பத்து முறை நொண்டி அடிக்க வேண்டும், வலி 10-க்கு 3-ஐத் தாண்டக் கூடாது. இது முடியாதவரை எந்த டேப்பும் காப்பாற்றாது, பெயரை வாபஸ் வாங்குங்கள். வலி தெரியாமல் ஓட அன்று காலை மாத்திரை போடும் பழக்கமும் வேண்டாம், நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும்.

கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய்க்கு வேலை இங்கேதான்: தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு முடி போகும் திசையில் உரியுங்கள். மீதி உருளையை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம், வெயில் சூட்டில் பசை இளகி அடுத்த தடவை பிசுபிசுக்கும், ஒட்டாது.