இருமும்போது கசிகிறதா, பாத்ரூம் போவதற்குள் கசிகிறதா?

பெண்களுக்கு வரும் சிறுநீர்க் கசிவில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும், அல்லது இரண்டும் கலந்திருக்கும். ஒன்று அழுத்தக் கசிவு. இருமல், தும்மல், சிரிப்பு, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது என வயிற்றில் அழுத்தம் ஏறும் நொடியில் கொஞ்சம் சிந்திவிடும். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளோ சிறுநீர்க் குழாயை மூடும் தசையோ தளர்ந்திருப்பதுதான் காரணம். இன்னொன்று அவசரக் கசிவு. திடீரென்று முட்டும், பாத்ரூம் கதவைத் தொடுவதற்குள் நனைந்துவிடும். இதில் மூடும் தசை சரியாகவே இருக்கலாம். சிறுநீர்ப்பையின் தசை நம்மைக் கேட்காமல் சுருங்குகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிகிச்சைக்காகத்தான். சோலிஃபெனசின் போன்ற மாத்திரைகள் பையின் சுருக்கத்தை அடக்கும். தளர்ந்த தசைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. சிறுநீர்க் குழாய்க்கு அடியில் பட்டை வைக்கும் அறுவை சிகிச்சை அழுத்தக் கசிவுக்கானது. அவசரத்தை அது தீர்க்காது, சிலருக்குக் கூட்டியும் விடும். ‘பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று ஒதுக்குவதும், கேட்காமலே ஒரு மாத்திரையை எழுதித் தருவதும் எனக்கு ஒன்றுபோலத்தான் படுகிறது.

சரி, எப்படிப் பிரிப்பது? மூன்று கேள்விகள் போதும், பாதி தெரிந்துவிடும். எப்போது கசிகிறது? எவ்வளவு? இரவில்? அழுத்தக் கசிவில் அளவு பெரும்பாலும் கொஞ்சம், படுத்திருக்கும்போது தொல்லை குறைவு. அவசரக் கசிவில் உடையே நனையும் அளவுக்குப் போகலாம், இரவிலும் எழுப்பும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலோ வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தாலோ முட்டுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அவசர வகைதான்.

ஆனால் நினைவு ஏமாற்றும். அதனால் என் ஓட்டு மூன்று நாள் குறிப்பு நோட்டுக்கு. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்றை பாத்ரூமில் வைத்துக்கொண்டு, குடித்தது, போன நேரம், அளவு, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுத வேண்டும். பகலில் ஆறேழு தடவை, ஒவ்வொன்றும் 300 மில்லிக்கு மேல், இரவில் தொல்லையில்லை, ஆனால் இருமினால் கசிகிறது என்றால் அழுத்தம். பத்துப் பன்னிரண்டு தடவை, ஒவ்வொன்றும் 100 மில்லி அளவு, இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்தால் அவசரம். ஒவ்வொரு தடவையும் நிறையப் போய், நாள் மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டினால் பையைக் குறை சொல்ல வேண்டாம். குடிப்பது அதிகம், இல்லை சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒரே நிபந்தனை, அந்த மூன்று நாளும் வழக்கம்போல் குடிக்க வேண்டும். பஸ் ஏறும் முன் தண்ணீரையே நிறுத்திவிடும் பழக்கம் நம் பெண்கள் பலருக்கு உண்டு. அப்படி இருந்துகொண்டு எழுதினால் நோட்டு பொய் சொல்லும்.

இதற்கு அடுத்தபடி இருமல் சோதனை. பை ஓரளவு நிறைந்திருக்கும்போது டாக்டர் முன்னால் பலமாக இரும வேண்டும், அவ்வளவுதான். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் சில நிமிட வேலை. இருமிய நொடியிலேயே சிந்தி நின்றுவிட்டால் அழுத்தம். சில நொடி கழித்துத் தொடங்கி நிற்காமல் போனால், இருமல் பையைச் சுருங்க வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது அவசர வகை.

கூடவே சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இருந்தால் அதுவே அவசரக் கசிவு போல வேஷம் போடும்.

பலர் தவறவிடுவது மூன்றாவது வகை, நிரம்பி வழிவது. நீண்ட நாள் சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்கும் கருப்பை இறங்கியவர்களுக்கும் பை முழுக்கக் காலியாகாமல், சொட்டுச் சொட்டாக வழியலாம். கேட்டால் அவசரக் கசிவு போலவே சொல்வார்கள். பையை அடக்கும் மாத்திரையை இவர்களுக்குக் கொடுத்தால் சிறுநீர் அடைத்தே போகலாம். போய்விட்டு வந்த உடனே எடுக்கும் ஸ்கேனில் 200 மில்லி, அதற்கு மேல் மிச்சம் இருந்தால் வேறு வழியில் யோசிக்க வேண்டும். வலியில்லாத இந்த ஸ்கேனைத் தவிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கருப்பை அகற்றிய பிறகோ சிக்கலான பிரசவத்துக்குப் பிறகோ இரவு பகலாக ஓயாமல் ஒழுகினால் கதையே வேறு. பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். பைக்குள் நீலச் சாயம் செலுத்திப் பார்ப்பார்கள்.

இனி யூரோடைனமிக்ஸ். பைக்குள் ஒரு மெல்லிய குழாய், மலக்குடலில் இன்னொன்று. பையை மெல்ல நிரப்பியபடி அழுத்தத்தை வரைபடமாக எடுப்பார்கள். விவரம் நிறையக் கிடைக்கும், செலவும் அசௌகரியமும் உண்டு, பிறகு தொற்றும் வரலாம். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிக்கலில்லாத அழுத்தக் கசிவுக்கு அறுவை சிகிச்சை செய்யவிருந்த 630 பெண்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு முன்னதாக யூரோடைனமிக்ஸும் செய்தார்கள், மீதிப் பேருக்குச் சாதாரணப் பரிசோதனை மட்டும். ஓராண்டு கழித்து அறுவை சிகிச்சையில் பலன் கண்டவர்கள் முதல் பாதியில் 76.9 சதவீதம், மீதியில் 77.2 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

அதற்காக அது வீண் என்று அர்த்தமில்லை. முன்பு ஓர் அறுவை சிகிச்சை தோற்றிருந்தாலோ, முதுகுத்தண்டு, நரம்புக் கோளாறு இருந்தாலோ, நோட்டு ஒன்று சொல்லி இருமல் சோதனை வேறொன்று சொன்னாலோ அதுதான் வழி. மற்றபடி முதல் சந்திப்பிலேயே யூரோடைனமிக்ஸ் எழுதிக் கொடுத்தால், ‘இதில் என்ன வந்தால் சிகிச்சை மாறும், டாக்டர்?’ என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.