மராண்ட்ஸா, ஆன்தமா? பாட்டும் படமும் கேட்க ஒரு பிராசஸர்

ஹோம் தியேட்டர் பிராசஸர், அதாவது படத்தின் ஒலியைச் சேனல்களாகப் பிரித்து ஆம்ப்ளிஃபயர்களுக்கு அனுப்பும் பெட்டி, வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை சேனல் என்பதைத்தான். அந்தக் கணக்கில் மராண்ட்ஸ் ஏவி 10, ஆன்தம் ஏவிஎம் 70 இரண்டும் ஏறக்குறைய சமம். முன்னது 15.4, பின்னது 15.2 (புள்ளிக்குப் பின் வருவது, பாஸ் எனும் ஆழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர்களின் கணக்கு). தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் முறைகள் இரண்டு பெட்டியிலும் உண்டு. விலையில்தான் இடைவெளி. ஏவி 10 அமெரிக்காவில் 7,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஆன்தம் அதில் பாதியளவுதான். நம்மில் 7.1.4-க்கு (சுற்றிலும் ஏழு, சப்வூஃபர் ஒன்று, மேலே நான்கு) மேல் ஸ்பீக்கர் வைக்க இடம் உள்ளவர்கள் குறைவு என்பதால், சேனல் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி அறைத் திருத்தத்தில், அதாவது அறை ஒலியில் செய்யும் கோளாறை மைக் வைத்து அளந்து சரிசெய்யும் மென்பொருளில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். 12க்கு 15 அடி அறையில் அந்த அலை சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் காதை அடைக்கும். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர் சற்றே அதிர்ந்து பாஸின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அப்படியே திருப்பி அனுப்பும். வெளிநாட்டு மதிப்புரையைப் படித்து மயங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆன்தமின் திருத்த மென்பொருளான ஏஆர்சி ஜெனிசிஸ் இந்த இடத்தில் அடக்கமாக நடந்துகொள்கிறது. நாம் மாற்றாவிட்டால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது கை வைப்பதில்லை. அந்த எல்லையைச் சில நூறு ஹெர்ட்ஸ் வரை இறக்கவும் முடியும். பாஸை மட்டும் சீராக்கிவிட்டு, ஸ்பீக்கரின் சொந்தக் குரலை அப்படியே விட்டுவிடலாம். அறை இயல்பாகத் தரும் பாஸ் உயர்வையும் அது முழுக்கத் தட்டையாக்காது. வயலினும் மிருதங்கமும் கேட்கிறவருக்கு இது பெரிய வரம்.

மராண்ட்ஸில் வருவது ஆடிஸி. பாஸை நன்றாகவே அடக்கும். ஆனால் 2,000 ஹெர்ட்ஸ் அருகே வேண்டுமென்றே ஒரு பள்ளம் வைக்கும். பாடகரின் குரல் ஓரடி பின்னால் போய்விட்டதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். தனியாகப் பணம் கொடுத்து வாங்கும் செயலியில்தான் இதை அணைக்க முடியும். 7,000 டாலர் பெட்டிக்கு இது கொஞ்சம் கஞ்சத்தனம். இன்னும் செலவழித்தால் ஆடிஸிக்குப் பதில் டிராக் லைவ் என்ற வேறொரு திருத்த மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். அப்போது ஆடிஸியின் டைனமிக் ஈக்யூ வேலை செய்யாது.

அது சிறிய இழப்பு அல்ல. இரவில் ஒலியைக் குறைத்துப் படம் பார்க்கும்போது பாஸும் பின் ஸ்பீக்கர்களும் மங்காமல் காப்பது டைனமிக் ஈக்யூதான். பாட்டுக்கு அதே அமைப்பு மிகையாகிவிடும். 10 அல்லது 15 டெசிபல் ஆஃப்செட் வைத்துத் தணிக்க வேண்டும். படத்திலிருந்து பாட்டுக்கு மாறும்போதெல்லாம் இதை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

படம்தான் முக்கியம் என்றால் மராண்ட்ஸ் முந்துகிறது. நான்கு சப்வூஃபர்களைத் தனித்தனியாகக் கையாளும். இரண்டு வரிசை இருக்கை உள்ளவருக்கு, எல்லா இருக்கையிலும் பாஸ் ஓரளவு ஒரே மாதிரி கேட்க இது உதவும். ஆரோ-3டி என்ற இன்னொரு சுற்றொலி முறையும் உண்டு, ஆன்தமில் இல்லை. அதில் வெளிவரும் வட்டுகள் குறைவு என்பதால் நான் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

இசைக்காக மராண்ட்ஸ் தரும் ப்யூர் டைரக்ட் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். திரையும் அணைந்து, சமிக்ஞை நேர்வழியில் போகும். கூடவே அறைத் திருத்தமும் போய்விடும். அடக்கி வைத்த பாஸ் மறுபடி எழுந்து நிற்கும். கம்பளமும் திரைச்சீலையும் புத்தக அலமாரியும் நிறைந்த அறையில்கூட 50 ஹெர்ட்ஸுக்கு அவை பெரிதாக எதுவும் செய்யாது.

இந்த இரண்டைத் தாண்டியும் பிராசஸர்கள் உண்டு. பிரான்ஸின் டிரின்னோவ் நான்கு மைக் கொண்ட கருவியால் ஸ்பீக்கர் நிற்கும் திசையையே அளந்துவிடும். விலை வேறு உலகம். மோனோபிரைஸ் எச்டிபி-1 டிராக்கை உள்ளடக்கியே வந்தது, வெளியீடு எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் இணைப்பில் மட்டும்.

பாதி நேரமாவது இரண்டு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறவர் என்றால் ஆன்தமை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் இரண்டாவது சப்வூஃபர் வாங்கலாம். ஏற்கெனவே ஹோம் தியேட்டர் பைபாஸ் (வெளியிலிருந்து வரும் பட ஒலியை அப்படியே ஸ்பீக்கருக்குக் கடத்தும் வழி) உள்ள நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர் பாட்டை அதிலேயே கேட்கலாம். அவருக்கு இந்த இரண்டில் எதுவும் தேவையில்லை. ப்ரீ-அவுட் (வேறு ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) உள்ள நடுத்தர ஏவி ரிசீவரே படத்துக்குப் போதும்.