பன்னிரண்டு குண்டா, பதினைந்து குண்டா: டாங்கி வேட்டை விமானங்கள்

டாங்கியை அடிக்கிற விமானங்களில் எது கெட்டி என்று கேட்டால், காரைக்குடிப் பையன்கள் யோசிக்காமல் ஸ்டுக்கா என்கிறார்கள், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் விமானம். "ஒரே ஆளு 519 டாங்கிண்ணே!" கம்ப்யூட்டர் கேம் கொடுத்த ஞானம். ஹன்ஸ் உல்ரிச் ருடெல் என்ற விமானியின் பேரில் ஜெர்மானியரே எழுதிக்கொண்ட கணக்கு அது. மேலிருந்து பார்த்தால் புகைகிறதெல்லாம் செத்த டாங்கிதான். 1944-ல் நார்மண்டிச் சண்டைக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆய்வுக் குழு தரையில் இறங்கிச் சோதித்தபோது, நேசநாட்டு விமானிகள் அடித்ததாகச் சொன்ன டாங்கிகளில் சிறு பங்குதான் தேறியது. ஜெர்மன் கணக்கு மட்டும் சுத்தமாக இருக்குமா என்ன?

ஆகவே எண்ணிக்கையை விடுங்கள். நான் பார்ப்பது மூன்று: எத்தனை குண்டு இருக்கிறது, சுட்டால் விமானம் என்ன ஆகிறது, சுட்டவன் திரும்பி வருவானா.

ஸ்டுக்காவின் ஜி ரகத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 37 மி.மீ. பீரங்கிகள். விமான எதிர்ப்புப் பீரங்கியைத்தான் மாற்றித் தொங்கவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 12 குண்டு, உள்ளே டங்ஸ்டன் கருவோடு. டாங்கியின் பின்பக்கம், எஞ்சின் மூடியைக் குறிவைத்து மிக நெருங்கிப் போய்ச் சுட வேண்டும். கைதேர்ந்தவனுக்கு அது அற்புதமான ஆயுதம். ஆனால் ஏற்கெனவே மெதுவான விமானம், அடியில் இந்தச் சுமை வேறு; எதிரிச் சண்டை விமானம் ஒன்று வந்தால் கதை முடிந்தது. சாதாரண விமானிக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன்.

ஜெர்மானியரின் இன்னொரு விமானம் ஹென்ஷல் 129, டாங்கி வேட்டைக்கென்றே பேர்போனது. விமானியைச் சுற்றி எஃகுத் தகடு, முன்னால் 75 மி.மீ. கனத்தில் கண்ணாடி. செட்டிவீட்டு இரும்புப் பெட்டிக்குள் ஆளை உட்காரவைத்துப் பூட்டிய மாதிரி. உள்ளே இடமே இல்லாததால் குறிபார்க்கும் கருவியை வெளியே மூக்கின் மேல் வைத்தார்கள். எஞ்சின் மீட்டர்கள் சிலவற்றை எஞ்சின் கூட்டின் பக்கவாட்டிலேயே பொருத்தினார்கள், விமானி தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிரெஞ்சு நோம்-ரோன் எஞ்சினுக்குத் தூசி ஆகாது. கடைசியில் இந்த நோஞ்சான் விமானத்தின் வயிற்றில் 75 மி.மீ. பீரங்கியையே கட்டினார்கள். அந்தக் குண்டு ஒன்று பட்டால் போதும், எந்த டாங்கியும் நிற்காது. அதைச் சுமந்து விமானம் பறக்க வேண்டுமே! அந்த ரகத்தில் சுமார் 25-தான் கட்டினார்கள்.

ரஷ்யர்களும் இல்-2 விமானத்தில் 37 மி.மீ. பீரங்கி மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு இறக்கைப் பீரங்கியும் ஒரே நொடியில் வெடிக்காவிட்டால் மூக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். முதல் குண்டுக்கு அப்புறம் குறி போச்சு. அவர்கள் கண்ட தீர்வு வேறு. பிடாப் என்ற, மேலிருந்து போடும் சின்னஞ்சிறு வெடிகுண்டுகளை நூற்றுக்கும் மேலாக அள்ளிக்கொண்டு போய், 1943 ஜூலையில் கூர்ஸ்க் களத்தில் டாங்கிக் கூட்டத்தின் மேல் விதைத்தார்கள். டாங்கியின் கூரைத் தகடு மெல்லியது. ஒன்று விழுந்தாலும் துளைத்துவிடும். தேர்ந்த குறியாளன் தேவையில்லை. எனக்கென்னவோ கிழக்குப் போர்முனையில் கெட்டிக்காரத்தனமான யோசனை இதுதான்.

இனி நம்ம ஊர் ஆட்கள் கவனிக்க வேண்டிய விமானம்: பிரிட்டிஷாரின் ஹரிக்கேன் 2டி. இறக்கைக்கு ஒரு 40 மி.மீ. விக்கர்ஸ் பீரங்கி, தலா 15 குண்டு. குறி சரியா என்று பார்க்க இறக்கைக்கு ஒரு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி. அதன் ஒளிரும் தோட்டா இலக்கைத் தொட்டதும் பீரங்கிப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுதைப்பில் வேகம் குறையும், மூக்கு கீழே சாயும். நிமிர்த்தி மறுபடி குறிபார்க்க வேண்டும். 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன் இதை லிபியப் பாலைவனத்தில் இறக்கியது. ஆனால் விமானத்துக்குப் போதிய கவசம் இல்லை. துனிசியாவில் ஜெர்மன் தரைத் துப்பாக்கிகளிடம் செமத்தியாக வாங்கியது. ஜெர்மானியரின் கனத்த டைகர் டாங்கி வந்த பிறகு அந்த 40 மி.மீ. குண்டு போதவும் இல்லை.

அதே விமானம் பர்மாவில் வேறு மாதிரி. அங்கே எதிரே வந்த ஜப்பானிய 95-ஆம் ரக டாங்கிக்குத் தகடு அதிகபட்சம் 12 மி.மீ.தான். டாங்கி கிடைக்காத நாளில் ஆற்றுப் படகு, ரயில் எஞ்சின். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன நம் செட்டியார் ஐயாக்கள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். நெல் வந்த அதே ஆறுகளில்தான் ஜப்பானியர் படைக்குச் சாமான் ஏற்றினார்கள். 1945 பிப்ரவரியில் ஐராவதிப் பக்கம் மறைத்து வைத்திருந்த டாங்கிகளை 20-ஆம் ஸ்குவாட்ரன் கண்டுபிடித்து ஒரே நாளில் பத்துக்கு மேல் நொறுக்கியது. ஐரோப்பாவில் காலாவதியான பீரங்கிதான். அங்கே கனத்த கவசத்திடம் தோற்றதற்கு இங்கே வேலை கிடைத்தது. எந்தக் களம் என்று கேட்காமல் எது உசத்தி என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன். செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கும் போர்க்கால ஓடுபாதையை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள்; அந்தப் போர் நமக்கு ஒன்றும் தூரத்துச் சங்கதி இல்லை.

"அப்ப ஏ-10?" என்பார்கள். அந்த அமெரிக்க ஜெட் விமானத்தில் ஏழு குழல் 30 மி.மீ. பீரங்கி, நிமிடத்துக்கு 3,900 குண்டு என்ற வேகம், பெட்டியில் ஆயிரத்துக்கு மேல். பின்னுதைப்புக்கு ஒரு அழகான பதில் வைத்தார்கள்: சுடும் குழல் சரியாக விமானத்தின் நடுக்கோட்டில் வரும்படி பீரங்கியைச் சற்றே ஓரமாகப் பொருத்தி, முன் சக்கரத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டார்கள். மூக்கு இழுக்காது. குண்டுப் பஞ்சமும் இல்லை. ஹென்ஷல்காரர்கள் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள். இருந்தும் 1991 வளைகுடாப் போரில் ஏ-10 அடித்த டாங்கிகளில் பெரும்பங்கு தூரத்திலிருந்து ஏவிய மேவரிக் ஏவுகணைக்குத்தான் விழுந்தன. டாங்கியிடம் நெருங்கிப் போக எந்த விமானிக்குத்தான் ஆசை?