வன்னிப் பிள்ளைகளுக்கு எது சரி: ட்ரோனா, மாதிரி விமானமா, கிளைடரா?

பதினைந்து வயதில் எதையாவது பறக்கவிட ஆசைப்படும் பிள்ளைக்கு, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இன்று மூன்று வழிகள் உண்டு: கமரா ட்ரோன், ரிமோட்டில் ஓடும் மாதிரி விமானம், ரெஜிபோமில் வெட்டிச் செய்து கையால் எறியும் கிளைடர். விலையை விடுங்கள். எதற்கு யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

ட்ரோன் ஓட்டுவது சுலபம். ஜிபிஎஸ் பிடித்தால் கையை எடுத்தாலும் அந்தரத்தில் நிற்கும். சிக்கல் வாங்கும்போதே தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தாலும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாவிட்டால் சுங்கத்திலேயே நின்றுவிடும். அப்புறம் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவு. "249 கிராம்தான், பதிவு வேண்டாம்" என்று யூடியூபில் சொல்வதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அது பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் அமெரிக்கர்களின் கணக்கு. அங்கே எல்லை 250 கிராம். இங்கே 200. எல்லாத் தாளும் கையில் இருந்தாலும் நிம்மதி இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்த சில நாட்களிலேயே நாடு முழுவதும் ட்ரோன் பறப்புக்குத் தடை வந்தது. விளையாட்டுக்கு வைத்திருந்தவர்களும் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டியதாயிற்று.

வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது. வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படைத் தளங்கள், வழியெல்லாம் முகாம்கள். அதைவிட முக்கியம், போர்க்காலத்தில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை 'வண்டு' என்று சொல்லிப் பதுங்கு குழிக்கு ஓடியவர்கள் இன்னும் நம் முற்றங்களில் இருக்கிறார்கள். அந்த இரைச்சலை அவர்கள் காதில் திரும்பப் போடக்கூடாது. எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கவேண்டியது இதைத்தான்.

மாதிரி விமானத்துக்கும் எடை, இடம் பற்றிய கட்டுப்பாடு உண்டு. ரிமோட்டை இறக்குமதி செய்யத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையும் பார்க்கவேண்டும். கமரா இல்லாததால் அயலவரின் சந்தேகம் குறைவு. ஆனால் கற்க நாளாகும், விழுந்தால் உடையும், இறங்க வெளி வேண்டும். காலபோக அறுவடை முடிந்த வயல் நல்ல இடம். சோளகக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் விடியற்காலையைத் தவிர வேறு நேரம் சரிவராது.

கிளைடருக்கு மோட்டரும் இல்லை, ரேடியோவும் இல்லை. யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை. கற்பதற்கோ நிறைய உண்டு. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரண்டு விரல்களில் தாங்கிப் பாருங்கள், சமநிலையில் நிற்கவேண்டும். எறிந்ததும் மேலே ஏறி, தயங்கி, மூக்குக் குத்தி விழுகிறதா? மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். நேரே நிலத்தில் பாய்கிறதா? கொஞ்சம் கிள்ளி எடுங்கள். பாரம், காற்று, இறக்கை மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பது ஒரு பின்னேரத்தில் கைக்குப் பிடிபடும். ஜிபிஎஸ் ட்ரோன் இதைக் கற்றுக்கொடுக்காது, எல்லாவற்றையும் தானே செய்துவிடும்.

என் தெரிவு இதுதான்: கிளைடரில் தொடங்குங்கள், பழகியவர் ஒருவர் துணையோடு மாதிரி விமானத்துக்குப் போங்கள், ட்ரோன் பிறகு, அதுவும் 200 கிராமுக்குக் குறைந்ததாக.

ஆனால் பிள்ளைகள் மட்டும் ஒதுங்கிப் போனால் போதாது, அதிகாரிகளும் வழி செய்து கொடுக்கவேண்டும். பிரிட்டனில் பறக்கவிடும் பிள்ளை ஒரு சோதனை எழுதித் தன் அடையாள எண்ணைப் பெறும். கருவிக்குப் பொறுப்பு பதினெட்டு வயது தாண்டிய ஒருவருடையது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுவோருக்கான பாதுகாப்புச் சோதனையை இணையத்தில் இலவசமாக எழுதலாம். இங்கேயும் அப்படியொரு சோதனையைத் தமிழில் வைக்கலாம். முகாம்களுக்கும் கொக்கிளாய் போன்ற பறவைச் சரணாலயங்களுக்கும் தள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெளியை, வாரத்தில் ஒரு காலை மட்டுமாவது, அனுமதி பெற்ற இடமாக அறிவிக்கலாம். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கேட்டால், பேச்சைத் தொடங்க அது போதும்.