24 அட்டைகளும் ஒரு நத்தையும்

நாற்பது வருடம் அச்சகத்தில் இருந்தவன் நான். முதலில் ஈய எழுத்து கோத்தேன், அப்புறம் மெய்ப்புத் திருத்தினேன். எதைக் கையில் கொடுத்தாலும் பிழைதான் முதலில் கண்ணில் படும். இதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிள்ளைகள் படிக்கப் பழகுவதற்கான பெட்டி இது. உள்ளே 24 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், நாலு வரிப் பாட்டு. எறும்பு, நத்தை, மண்புழு, சிலந்தி, விதை, மழை என்று வாசலில் இறங்கினால் பார்க்கக் கிடைக்கிற சங்கதிகள். பேத்திக்கு ஐந்தரை வயது. எழுத்துகள் முக்கால்வாசி தெரியும், சேர்த்துப் படிக்க வராது. 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்று உட்கார்ந்தால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். அதனால்தான் மகள் இதை வாங்கினாள். இரண்டு மாதமாகச் சாயங்காலம் நானும் பேத்தியும் இதோடுதான் உட்காருகிறோம்.

நத்தை அட்டை இது:

நத்தை நடந்தது மெல்ல
மெத்தை போல மண்மேல்
சொத்து முழுதும் முதுகில்
ஒத்தை இலைதான் விருந்து

எழுதியவர் விவரம் தெரிந்தவர். பிள்ளைப் பாட்டு என்றாலே ‘வந்தது, போனது’ என்று கடைசியில் ஓசையை ஒட்டவைப்பதுதான் வழக்கம். அப்படி இருந்தால் பிள்ளை முதல் சொல்லைப் பார்த்துவிட்டு மீதியை வாயாலேயே முடித்துவிடும். கண் எழுத்துக்குப் போகாது. இங்கே ஓசை எதுகையில், அதாவது இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. நத்தையைப் படித்தவளுக்கு ‘த்தை’ கைக்கு வந்துவிட்டது. அடுத்த வரியில் புதிது முதல் எழுத்து மட்டுந்தான். வேறு வழியில்லாமல் அதை உற்றுப் பார்க்கிறாள். மூன்றாம் நாள் அவளாகவே “அத்தை நடந்தது மெல்ல” என்று மாற்றிப் படித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தாள். அவள் அத்தை நிஜமாகவே மெதுவாகத்தான் நடப்பாள்.

‘மெ’யில்தான் கொஞ்சம் தடுமாற்றம். கண்ணுக்கு முதலில் கொம்பு தெரிகிறது, வாய்க்கு முதலில் வருவது ‘ம்’. ஈய எழுத்து கோக்கும்போது நாங்களும் கொம்பைத்தான் முதலில் எடுத்து வைப்போம். அதை அவளிடம் சொன்னேன். “கொம்பு முன்னாடி வந்து நிக்கும், ஆனா பேசாது” என்று அவளே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டாள். ‘சொ’வில் கொம்பும் துணைக்காலும் இரண்டு பக்கமும் நிற்பதற்கு இன்னும் விளக்கம் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

சிலந்தி அட்டையில் பெரிய கூத்து. பாட்டில் எட்டு கால் என்று இருக்கிறது, படத்தில் ஆறுதான். அவள் விரல் வைத்து எண்ணிவிட்டு, “தாத்தா, எட்டுன்னு தப்பா போட்டிருக்காங்க” என்றாள். படத்தை நம்பி எழுத்தைச் சந்தேகப்பட்டாள். சரி, நேரிலேயே பார்ப்போம் என்று குளியலறை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டார்ச் அடித்து இரண்டு முறை எண்ணினாள். எட்டு. திரும்பி வந்து பென்சிலால் இரண்டு கால் வரைந்தாள், அப்புறம் ‘எட்டு’ என்ற சொல்லின் மேல் ஒரு டிக் போட்டாள். அச்சில் இருக்கும் ஒரு சொல் சரியா என்று தானே போய்ப் பார்த்து வந்தது அன்றுதான். படம் போட்டவரைத் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. ‘எட்டு கால்’ என்று க் இல்லாமல் அடித்தவரைத் திட்டியாயிற்று. எட்டு, பத்துக்குப் பின்னால் ஒற்று மிகும். “விடுங்கப்பா, அவளுக்கு அஞ்சு வயசு” என்கிறாள் மகள். நான் பேனாவால் க் சேர்த்துவிட்டேன்.

இதைவிட மோசம் மை. மண்புழு அட்டையில் பச்சைப் பின்னணியில் கரும்பச்சை எழுத்து. பகலில் பரவாயில்லை; விளக்கு வெளிச்சத்தில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகிறது. ‘கண் இல்லை’ என்பதைக் ‘கண இல்லை’ என்று படித்தாள். தப்பு அவளுடையது அல்ல. படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு மை போதும். மற்றபடி நல்ல பாட்டு. மண்புழுவுக்குக் கண் கிடையாது, வெளிச்சத்தைத் தோலால் உணரும் என்று பின்பக்கம் இரண்டே வரியில் சொல்லியிருக்கிறார்கள். அவள் உடனே கண்ணை மூடிக்கொண்டு விளக்குக்கு நேரே கையை நீட்டிப் பார்த்தாள்.

மீதி எட்டு அட்டைகள் புத்திமதி. மரம் வளர்ப்போம், மாசு ஒழிப்போம் வகை. இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது, அதுதான் கோளாறு. ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றதை மறைத்துக் கேட்டால் முதல் வரியிலிருந்து ஒப்பித்துக்கொண்டு வருகிறாள். ‘சுற்றுச்சூழல்’ என்று ஏழு எழுத்தில் ஒரு சொல். ‘சுற்று’ வரை வந்துவிட்டு “சுற்றுலா” என்று முடித்தாள். சுற்றுலா அவளுக்குத் தெரியும், போயிருக்கிறாள். இந்த எட்டையும் ரப்பர் பேண்டு போட்டுத் தனியே வைத்துவிட்டேன்.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இதை வாங்காதீர்கள். பாதி எழுத்தாவது தெரிந்த பிள்ளைக்கு அந்த 16 அட்டைகளுக்காகவே வாங்கலாம்.

போன வாரம் நத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய் நத்தை அட்டையை மழையில் விட்டுவிட்டாள். தனி அட்டை கிடைக்குமா என்று விசாரித்தேன், முழுப் பெட்டியாகத்தான் தருவார்களாம். நானே ஒரு அட்டை வெட்டி எழுதிக் கொடுத்தேன். 1978இல் சீர்திருத்த எழுத்து வந்தபோது நான் கோக்கப் பழகி முடித்திருந்தேன். அச்சில் மாறிவிட்டேன், கை மட்டும் இன்னும் சில சமயம் பழைய வழிக்குப் போய்விடும். கடைசி வரிக்கு வந்தவள், யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட அந்தப் பழைய ‘லை’யில் விரலை வைத்து நிறுத்தினாள்.

“தாத்தா, உங்க இலையில ஏதோ ஏறியிருக்கு.”