அறுத்து மெருகு போட்ட கொம்புப் பட்டையை நம்பி வாங்காதீர்கள்

முதல் கொம்பு வில் செய்யப் பொருள் தேடுகிறவர்கள், குறிப்பாகப் பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை பக்கம் இருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 11,400 ரூபாய் போனது. அதைவிட, மழை இல்லாத ஐந்து மாதம் வீணாகப் போனதுதான் மனசை அரிக்கிறது. வில்லை ஒட்டும் வச்சிரப் பசை நன்றாகக் காய எங்கள் ஊரில் அந்த மாதங்களை விட்டால் வேறு பருவம் கிடையாது.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. மூங்கில் வில் நாலைந்து செய்து பழகியிருக்கிறேன். கும்பகோணத்துப் பெருமாளுக்குச் சாரங்கபாணி என்று பேர் வரக் காரணமான சார்ங்கம், கொம்பால் ஆன வில் என்ற பொருள் கொண்ட சொல் என்று தெரிந்த நாளிலிருந்து, ஒரு கொம்பு வில்லாவது என் கையால் செய்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லை இழுக்கும்போது நம் பக்கம் பார்த்திருக்கும் வயிற்றுப்பக்கம் நசுங்கும், எதிர்ப்பக்கமான முதுகு இழுபடும். நசுங்குவதைத் தாங்க எருமைக்கொம்பு, இழுபடுவதைத் தாங்க மாட்டின் கால் நரம்பு (தசைநார்), இரண்டுக்கும் நடுவில் மெல்லிய மரம். துருக்கிக்காரர்கள் நடுவில் மேப்பிள் வைத்தார்கள், கொரியாவில் மூங்கில். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது தோலிலிருந்தும் நரம்பிலிருந்தும் காய்ச்சும் வச்சிரம், அல்லது மீனின் காற்றுப்பையில் செய்யும் பசை. இதில் மரம் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், பசை சரியில்லை என்றால் வேறு காய்ச்சலாம். கொம்பு சரியில்லை என்றால் வேலை முழுவதும் போச்சு.

பிரச்சினை என்னவென்றால், நம் பக்கம் நீளக் கொம்பு சுலபமாகக் கிடைக்காது. பால் பண்ணைகளில் பெரும்பாலும் முர்ரா எருமைதான். அதன் கொம்பு நத்தை ஓடு மாதிரி இறுக்கமாகச் சுருண்டிருக்கும். வில்லின் ஒவ்வொரு கைக்கும் நெடுக ஒரே பட்டையாகப் பதினாறு அங்குலமாவது எனக்கு வேண்டும். சுருண்ட கொம்பில் அதை எப்படி எடுப்பது? இந்தத் தட்டுப்பாட்டைத்தான் எனக்குப் பட்டை விற்ற ஆள் காசாக்கினார்.

போனில்தான் பேச்சு. தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "சாரே, நிங்களுக்குக் கஷ்டமே வேண்டாம். அறுத்து, ராவி, ஜோடி சேர்த்துத் தரேன். ஒட்டினா போதும்" என்றார். கொம்புப் பட்டை ஒரு ஜோடி, நரம்பு, மேப்பிள் மரம், மீன் பசை, எல்லாம் சேர்த்து ஒரே விலை. நரம்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "இது மான் நரம்பு சாரே, வெளியே சொல்லண்டா" என்றார். அங்கேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானின் எந்த உறுப்பை வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். காட்டெருமைக் கொம்புக்கும் அதேதான், மலையாளத்தில் காட்டுப்போத்து என்று சொல்லி விற்கப் பார்ப்பார்கள். மான் நரம்பு வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னதும், "சரி, அப்போ மாட்டு நரம்பு வைக்கிறேன்" என்று உடனே மாற்றிக்கொண்டார். விலை மட்டும் மாறவில்லை.

பார்சல் வந்தது. பட்டைகள் கண்ணாடி மாதிரி மின்னின. மெருகு போட்ட கறுப்பு, கோடு இல்லை, கீறல் இல்லை. அவ்வளவு நேர்த்தியாக இருந்ததே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கொம்பு ஏடு ஏடாக வளரும் பொருள். பச்சைக் கொம்பின் மேலே சொரசொரப்பும் வரியும் இருக்கும், கெட்ட கொம்பு ஏடு பிரிந்துதான் கெடும். மெருகு போட்டுவிட்டால் அந்த அடையாளமெல்லாம் மறைந்துவிடும்.

லேசான வளைவை நிமிர்த்த ஒரு பட்டையைக் கொதிநீரில் போட்டேன். கொம்பு சூட்டில் இளகும், நிமிர்த்திக் கட்டி ஆறவிட்டால் அப்படியே நிற்கும், வழக்கமான வேலைதான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும், அது கொம்பின் இயல்பு. அதோடு சேர்ந்து கண்ணை எரிக்கிற வேறொரு நெடி வந்தது. இடுக்கியால் தூக்கினேன். நடுவில், சாய்வாக, முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வாய் திறந்தது. முனையில் நான்கு விரல் நீளத்துக்குக் கொம்புத்தூளும் உடனொட்டிப் பசையும் குழைத்து அடைத்திருந்தார்கள். அது சாம்பல் நிறத்தில் ஊறிப்போய், நகத்தால் நெம்பினால் மாவு மாதிரி உதிர்ந்தது.

பக்கத்துத் தெரு ஆசாரி ஐயாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "கண்ணு, இது ரெண்டு சின்னக் கொம்பை நிமித்தி ஒட்டுனது. இதை வளைச்சா ஒட்டுலயே தெறிச்சுரும், மூஞ்சியில அடிச்சிரும்" என்றார். மேப்பிள் என்று வந்த மரத்தைப் பார்க்கக்கூட இல்லை, முகர்ந்தே சொல்லிவிட்டார், ரப்பர் மரம். குண்டூசித் துளை மாதிரி வண்டு அரித்த ஓட்டை வேறு.

நரம்பும் அப்படித்தான். கால் நரம்பு காய்ந்தால் தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இறுகும். மரச்சுத்தியால் தட்டினால் வெள்ளை நூல் நூலாகப் பிரியும். வந்ததில் பாதி மஞ்சளாக இருந்தது. நனைத்ததும் ரப்பர் போல நீண்டு சுருங்கியது. அது மாட்டின் பிடரியிலிருந்து எடுப்பது, வில்லின் முதுகுக்கு ஆகாது. மீதியில் ஒரு இழையைத் தீக்குச்சியில் காட்டினேன். முடி வாடை வரவில்லை, உருகி மணி மாதிரி உருண்டது. மெழுகு தடவிய நைலான்.

திரும்பக் கூப்பிட்டபோது, "வெந்நீரில் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டார். அதன் பிறகு எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். கொம்பை ஒட்டுப் போட்டு விற்பதை நான் குற்றம் சொல்லவில்லை. ஒட்டு என்று சொல்லி, அதற்குண்டான விலைக்கு விற்றிருக்கலாம். இழுத்த வில் முகத்துக்கு நேரே இருக்கிற பொருள் இது. வாங்குகிறவருக்குக் கண் போனால் யார் பதில் சொல்வது?

இப்போது முழுக்கொம்பாகத்தான் வாங்குகிறேன், அடிவாயும் நுனியும் அப்படியே இருக்கும்படி. வியாழக்கிழமை வாணியங்குளம் சந்தைக்குப் போனால் மாட்டு வியாபாரிகளிடம் எந்த இறைச்சிக்கூடத்தில் நீளக் கொம்புள்ள எருமைக்கடா வருகிறது என்று விசாரிக்கலாம். பச்சையாக வாங்கினால் உள்ளே எலும்பு இருக்கும், சில வாரம் மண்ணிலோ தண்ணீரிலோ கிடந்தால் கழன்றுவிடும். நாற்றம் தாங்க முடியாது, தோட்டத்துக் கடைசியில் வையுங்கள். வாய்ப்பக்கச் சுவர் ஆறேழு மில்லிமீட்டராவது கனம் வேண்டும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காய விடுங்கள், மேல்பரப்பு உலர்ந்த பிறகும் விரிசல் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சலசலத்தால் ஏடு பிரிந்திருக்கிறது. பட்டையை வெளிவளைவிலிருந்து நீங்களே அறுத்துக்கொள்ளுங்கள். அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. யாராவது அறுத்த பட்டைதான் இருக்கிறது என்றால், மெருகு போடாமல் தரச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அந்த ஆள் வேறு எண்ணிலிருந்து இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு நண்பருக்கு வந்த படத்தைப் பார்த்தேன். இரண்டு கறுப்புப் பட்டைகள், சிவப்புத் தரையில். இடதுபக்கப் பட்டையின் நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி, நகம் அளவுக்கு ஒரு சாம்பல் திட்டு தெரியும். அந்தப் பட்டை இரண்டு துண்டாக என் மேசை மேல் கிடக்கிறது.