காரைக்குடி ஆசாரி செய்த வேப்ப மர நாற்காலி

விடுதிக்கு நாற்காலி வேண்டும் என்றால் எல்லோரும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் கை காட்டுவார்கள். அந்தப் பழம்பொருள் கடைகளின் பர்மா தேக்கு நாற்காலிகளை முகப்பில் இரண்டு போடலாம். தினமும் பந்தி நடக்கிற கூடத்துக்கு ஒத்துவராது. ஒன்றுக்கொன்று உயரம் வேறு. ஒன்று உடைந்தால் ஜோடி கிடைக்காது. அதனால் கானாடுகாத்தானில் நான் நடத்தும் சின்ன விடுதிக்கு, காரைக்குடியில் ஓர் ஆசாரி பட்டறையில் புதிதாகவே செய்யச் சொன்னேன்.

வேம்பு போதும் என்றது அவர்தான். "நல்லாக் காய்ஞ்ச வேம்புன்னா பூச்சி சீக்கிரம் அண்டாது ஆச்சி. பச்சையா அறுத்துச் செஞ்சாத்தான் முறுக்கிக்கும்" என்றார். ஒரு நாற்காலி 3,200 ரூபாய். தேக்கில் கேட்டால் இரண்டு மடங்குக்கு மேல்.

சாப்பிட்டு முடித்த விருந்தினர் பின்னங்கால் இரண்டில் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு பேசுவார்கள். பின்னங்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் மூட்டில்தான் மொத்த எடையும் இறங்கும். மலிவு நாற்காலிகள் அங்கேதான் ஆட ஆரம்பிக்கும். திருகாணியை முடுக்க முடுக்கத் துளைதான் பெரிதாகும். இவர் துளைக்குள் கழுந்தை, அதாவது செதுக்கிய கட்டை முனையை, இறுக்கி இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருக்கிறார். கீழே கால்களை இணைத்துச் சட்டமும் உண்டு. கனத்த ஆட்கள் சாய்ந்தும் இதுவரை ஒரு மூட்டுகூட ஆடவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இருக்கை. தனிச் சட்டத்தில் ஒயர் பின்னல். நான்கு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். தொய்ந்தால் ஒயர் கூடை பின்னும் பெண்களே மறுபடி பின்னித் தருகிறார்கள். பிரம்பு அழகுதான், ஆனால் இடுக்கில் குழம்பு இறங்கினால் கறை போகாது. ஒயரைத் தேய்த்துக் கழுவி நிழலில் காயவைத்தால் போதும்.

காலடியில் ரப்பர் வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டேன். கூடத்தின் தரை ஆத்தங்குடிக் கல். அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நாற்காலியை இழுத்து இழுத்துக் கீறல் விழுந்தால் அந்த மினுமினுப்பை யார் திருப்பித் தருவது?

மேசைக்குக் கடப்பைக் கல் பலகை. உயரம் 30 அங்குலம், இருக்கை 18. இலைக்குக் குனிய வேண்டியதில்லை. தண்ணீர் தெளித்தாலும் உப்பாது. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. ரசமும் எலுமிச்சைச் சாறும் தேங்கிய இடங்களில் பளபளப்பு மங்கிவிட்டது. உடனே துடைக்க ஆள் இல்லாத இடத்துக்குக் கிரானைட்டே மேல். கடப்பைக் கல் மேசை கனமும் அதிகம், ஒருவரால் நகர்த்த முடியாது.

வேலை சுத்தம், ஆனால் சொன்ன தேதிக்கு வரவில்லை. தை முகூர்த்தங்களுக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் ஒரே ஒரு நாற்காலி செய்யச் சொல்லி, ஆள் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு முன்பணம் கொடுங்கள்.